கையால் ஈயும் தானம்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

 

அட்சய திருதியை நன்னாளில் தானத்தைப் பற்றிப் பேசுவது நம் மரபு. பொருளுடையோர் பொருளை ஈவதன் சிறப்பைச் சான்றோர் பலர் இத்தகைய மேடைகளில் எடுத்துரைத்துள்ளனர். பொருள் இல்லாத ஒருவர், அதிலும் பள்ளியில் பயிலும் ஒரு பிள்ளை, எதனை ஈய இயலும் என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்ள விழைகிறேன். தான் கற்ற கைத்தொழிலை ஈயலாம் என்பதே என் விடை. அத்தொழிலைக் கொண்டு தன் ஊரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கோ, நூலகத்துக்கோ, மருத்துவ நிலையத்துக்கோ அப்பிள்ளை பயன்படலாம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் இதற்கு வழி இருப்பதைக் கண்டேன். ஆதலின் அவ்வூர்களையே சான்றாகக் கொண்டு பேசுகிறேன்.

முறை அறிந்து ஈதல்

இந்நாளின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவர். ஆதிபகவன் துறவு பூண்டு, நெடிய நோன்புக்குப் பின் உணவு ஏற்பதற்காக ஊர்களுக்குள் வந்தார். அவரைக் கண்ட மக்கள் அன்பில்லாதவர் அல்லர். பொன் கொணர்ந்தனர், மணி கொணர்ந்தனர், யானையும் குதிரையும் கொணர்ந்து நிறுத்தினர். துறவி ஏற்கத்தக்க உணவை ஏற்கத்தக்க முறையில் அளிக்க ஒருவரும் அறிந்திலர். இவ்வாறு ஏறத்தாழ ஓராண்டு உணவின்றிக் கழிந்தபின், அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவு வரப்பெற்று, கரும்புச்சாற்றை முறைப்படி அளித்தான். தானத்தின் முறை உலகில் அன்று தொடங்கியது என்பது நம் புராண மரபு.

அம்மக்களிடம் கொடுக்கும் மனம் இருந்தது. கொடுக்கப் பொருளும் இருந்தது. பெறுபவருக்கு வேண்டுவது எது என்னும் அறிவு மட்டும் இல்லை. அவ்வறிவு வாய்த்த அன்றுதான் ஒரு கலம் கரும்புச்சாறு யானையினும் பெரிதாயிற்று. இன்றும் நம்மில் பலர் பிறந்தநாளில் ஓர் இல்லத்துக்குச் சென்று ஒருவேளை உணவு வழங்கி வருகிறோம். நற்செயலே. ஆயினும் அங்கே வாழ்பவர்களிடம் "உங்களுக்கு எது குறை?" என்று கேட்டு, விடைக்குக் காத்திருந்து, அதன்பின் கொடுத்தவர் நம்மில் எத்தனை பேர்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆதிநாதர் கற்பித்த ஆறு

தானத்தை ஏற்றருளிய அதே ஆதிநாதர், துறவுக்கு முன் அரசராக இருந்த காலத்தில், உலகுக்குத் தொழில்களைக் கற்பித்த ஆசிரியராகவும் விளங்கினார். வேண்டுவன ஈயும் கற்பக மரங்கள் அருகிப்போன காலத்தில், எப்படி உயிர் வாழ்வது என்று அஞ்சி வந்த மக்களுக்கு அவர் ஆறு தொழில்களைக் கற்பித்தார்: அசி, மசி, கிருஷி, வித்யா, வாணிஜ்யம், சில்பம். படைத்தொழில், எழுத்துத்தொழில், உழவு, கலைகள், வாணிகம், கைவினை என்று இவற்றைத் தமிழில் கூறலாம். இறுதியில் வரும் சில்பம் என்னும் சொல் கற்சிலை வடிப்பதை மட்டும் குறிப்பதன்று. தச்சு, கொல்லு, நெசவு, மண்வினை என்று கையால் ஆக்கும் வினை யாவும் அதனுள் அடங்கும்.

அஞ்சி வந்த மக்களுக்கு அவர் உணவுப் பொட்டலம் வழங்கவில்லை; தொழில் கற்பித்தார். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தவரும் அவரே. எழுத்தும் எண்ணும் உழவும் கைவினையும் ஒரே ஆசானின் திருவாயிலிருந்து வந்தவை. அவற்றுள் எழுத்தும் எண்ணும் உயர்ந்தவை, உளியும் ஊசியும் தாழ்ந்தவை என்னும் பாகுபாடு அவர் கற்பித்ததன்று. பின்னாளில் நாம் புகுத்திக்கொண்டது.

பாண்டி நாட்டில் நம் சமயத்தின் பழஞ்சுவடுகளும் இதனையே காட்டுகின்றன. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகைத்தளத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், கொடையாளர் தம் தொழிலைச் சொல்லியே தம் பெயரைப் பொறித்துள்ளனர். பொன்கொல்லர் ஒருவர், உப்பு வாணிகர் ஒருவர், ஏர்க்கொழு விற்ற வாணிகர் ஒருவர். இராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே கழுகுமலையில், பாறைமேல் வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரவர், குரத்தியர், மாணாக்கர் என்னும் சொற்களைக் காண்கிறோம். ஆசிரியரும் மாணாக்கரும் கூடி வாழ்ந்த அப்பள்ளியின் பெருமையை இன்றளவும் காத்து நிற்பது உளி பிடித்த கைகளின் வினைத்திறம்.

இரண்டு ஊர்களும் நான்கு தானங்களும்

மதுரையிலிருந்து தென்மேற்கே செல்லும் பெருவழியில் முதலில் தே.கல்லுப்பட்டி, பின்னர் கிருஷ்ணன்கோவில், அதன்பின் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் இராஜபாளையம். மேற்கே மலைத்தொடர் உடன்வரும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாள் கோவில் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் உலகம் அறியும். கைத்தறி நெசவும் அவ்வூருக்கு உரியது. இராஜபாளையம் பஞ்சாலை நகரம். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டி, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதில் பெயர்பெற்றது. தளவாய்புரத்தில் மகளிர் ஆடைகள் தைக்கப்படுகின்றன. கிழக்கே சிவகாசியில் அச்சுத்தொழிலும் நோட்டுப் புத்தகத் தொழிலும் ஓங்கியுள்ளன. கைத்தொழில் அறிந்தோர் தெருவுக்குத் தெரு வாழும் நிலப்பகுதி அது.

ஈகைக்கும் அங்கே குறைவில்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே இராஜபாளையத்தில் காந்தி கலைமன்றத்துக்கு அளித்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கப்பெற்ற பென்னிங்டன் நூலகம் இன்றும் அவ்வூருக்குப் பெருமை சேர்க்கிறது.

தொழிலும் ஈகையும் இவ்வாறு அருகருகே நிற்கும்போது, அவற்றை இணைக்கும் பாலமாகப் பள்ளிப் பிள்ளைகள் அமையலாம் அல்லவா? தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கியது. அடிப்படை மின்பொறியியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், செவிலியம், வேளாண் அறிவியல் என்றெல்லாம் பாடங்கள் உள்ளன. மதிப்பெண் குறைந்தவர் சேரும் பிரிவு என்று பெற்றோர் பலர் அதனை ஒதுக்கினர். அங்கே பயிலும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று ஊர் கேட்டதில்லை.

நம் சமயம் தானத்தை நான்காக வகுத்துள்ளது: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். அந்நான்குக்கும் இப்பிள்ளைகளின் கையில் தொழில் உண்டு. வேளாண் அறிவியல் பயிலும் மாணவர் ஓர் இல்லத்தின் கொல்லையில் கீரைப்பாத்தி கட்டி, முருங்கையும் அவரையும் வைத்துக் கொடுத்தால், அது ஒருவேளையில் தீராத ஆகார தானம். செவிலியம் பயிலும் மாணவி, முதியோர் ஒவ்வொருவரும் உண்ண வேண்டிய மருந்தின் பெயரையும் வேளையையும் மருத்துவர் சீட்டின்படி பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே தொங்கவிட்டால், அது ஔடத தானத்தின் ஒரு கூறு. நூற்கட்டுத் தொழில் கற்ற பிள்ளைகள், தையல் அறுந்து அட்டை பிரிந்து கிடக்கும் நூலகப் புத்தகங்களுக்கு மீண்டும் தையலிட்டு, பசையிட்டு, அட்டை கட்டிக் கொடுத்தால், அது சாத்திர தானம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்னும் சமணப் பெருமாட்டி, பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. அவ்வாயிரம் படிகளையும் எழுதிய கைகளுக்கும் அத்தானத்தில் பங்கு இல்லையா?

நான்காவதாகிய அபய தானத்தை விளக்குவதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

ஒரு கைப்பிடிக் குழாய்

அவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்வி மாணவர் சிலர், ஒரு முதியோர் இல்லத்துக்கு உதவ விரும்பினர். பிஸ்கட்டும் பழமும் வாங்கப் பணம் திரட்டலாம் என்பது அவர்தம் முதல் எண்ணம். அவர்களுடைய ஆசிரியர் அதற்கு உடன்படவில்லை. ஆளுக்கு ஒரு ஏடும் பென்சிலும் கொடுத்து, "இன்று ஒன்றும் எடுத்துச் செல்ல வேண்டா, கேட்டு எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள்" என்று அனுப்பினார்.

பிள்ளைகள் எழுதி வந்த பட்டியலை நானும் கண்டேன். கட்டில் ஒன்றின் கால் ஆடுகிறது. கதவின் தாழ்ப்பாள் விழவில்லை. விளக்கின் சுவிட்சு கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. தலையணை உறைகள் கிழிந்துவிட்டன. குளியலறைத் தரை வழுக்குகிறது. பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. உண்பதற்கு வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பட்டியலின் ஓரத்தில், மூதாட்டி ஒருவர் சொன்னதை ஒரு மாணவன் அவர் சொன்ன மொழியிலேயே எழுதியிருந்தான்: "ராத்திரி எந்திரிச்சுப் போகப் பயமா இருக்குய்யா. அதனாலே பொழுது சாஞ்சா நான் தண்ணியே குடிக்கிறதில்ல."

அன்புடையீர், இரவில் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி மாலைக்கு மேல் நீரருந்தாத ஒரு தாய். அதனை நோன்பு என்று சொல்ல இயலாது. நோன்பு நாமே விரும்பி ஏற்பது. இஃது அச்சத்தால் வந்த தாகம். அவ்வில்லத்துக்கு அரிசி மூட்டை வந்துகொண்டிருந்தது, போர்வை வந்துகொண்டிருந்தது. அந்த அச்சத்தைத் தீர்க்கும் பொருள் எந்த மூட்டையிலும் இல்லை.

பிள்ளைகள் செய்தது சிறிய வேலை. கட்டிலிலிருந்து குளியலறை வரை, சுவரில் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பொருத்த முடிவு செய்தனர். எவ்வளவு உயரத்தில் பொருத்துவது? அம்மூதாட்டியையே சுவரோரம் நிற்கச் சொல்லி, அவர் கை இயல்பாகப் படியும் இடத்தில் கோடிட்டனர். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தனர். துளையிட்டுத் திருகாணி முடுக்கிக் குழாயை நிறுத்தினர். பார்வைக்கு வேலை முடிந்துவிட்டது. ஆசிரியர் வந்து, தம் உடலின் எடை முழுவதையும் அக்குழாயின்மேல் தாங்கவிட்டுத் தொங்கினார். ஒரு முனை ஆடியது. அவ்விடத்தில் சுவரின் மேற்பூச்சு உளுத்திருந்தது. திருகாணி செங்கல்லைப் பற்றவில்லை. "இதைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்திருந்தால், விழச்செய்தவர் யார்?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் குழாயைக் கழற்றி, பூச்சைச் சுரண்டி, செங்கல் வரை ஆழமாகத் துளையிட்டு, நீண்ட திருகாணி போட்டு மீண்டும் பொருத்தினர். மறுபடியும் அவர் தொங்கினார். ஆடவில்லை.

அச்சமின்மை தருவதே அபய தானம். உயிர்க்கொலை தவிர்த்தலும் அஞ்சி வந்தோர்க்குப் புகலளித்தலும் அதன் பெரிய வடிவங்கள். சுவரில் அசையாது நிற்கும் ஒரு குழாய் அதன் சிறிய வடிவம். சில நாட்களுக்குப் பின் அவ்வில்லத்தைப் பார்த்துக்கொள்பவர், அந்த அம்மாள் இரவில் தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்கிறார் என்று சொன்னார். அம்மாணவர்கள் பெற்ற பாராட்டுகளுள் அதனினும் உயர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

பிரமாதம் என்னும் சொல்

ஒரு வேலை மிக நன்றாக இருந்தால், "பிரமாதம்!" என்று இன்று நாம் வியக்கிறோம். நம் ஆகமங்களில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. பிரமாதம் என்றால் கவனமின்மை, சோர்வு, அசட்டை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் இச்சோர்வையே அதன் வேராக வைக்கிறது: சோர்வுடைய செயலால் உயிருக்கு ஊறு விளைவிப்பது இம்சை. கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இல்லாவிடினும், கருத்தின்றிச் செய்த செயல் தீங்காகும்.

இதனைத் தொழிற்கூடத்தில் வைத்துப் பாருங்கள். செங்கல்லைப் பற்றாத திருகாணி பிரமாதம். எர்த் கம்பி இணைக்காமல் விட்ட மின்விசிறி பிரமாதம். கழுவாத கையால் மடித்த பேண்டேஜ் துணி பிரமாதம். காயத்தை ஆற்ற வந்த துணியே காயத்தைச் சீழ்க்கச் செய்யும். இலவசமாகச் செய்யும் வேலைதானே, சற்று முன்பின்னாக இருந்தால் என்ன என்று எண்ணுவது எல்லாவற்றிலும் பெரிய பிரமாதம். கூலி கொடுப்பவர் குறை கண்டால் கேட்பார். தானம் பெறுபவர் கேட்கக் கூசுவார். கேட்கக் கூசுபவருக்குச் செய்யும் வேலையில்தான் கவனம் இருமடங்காக வேண்டும்.

முனிவர்களுக்கு உரைத்த ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிட்சேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும், அவ்விடத்தில் உயிர் உண்டா என்று நோக்கி எடுத்து, நோக்கி வைத்தல் அதன் பொருள். உளியை எடுப்பதிலும் வைப்பதிலும் இதே ஒழுக்கத்தைத்தான் நல்ல தச்சர் தம் மாணாக்கனுக்கு முதல்நாள் கற்பிக்கிறார். வேலை முடிந்தபின் சிந்திய ஆணிகளைத் தேடிப் பொறுக்குவதும் அதில் அடங்கும். நம் பிள்ளைகள் அகிம்சையைப் பாடசாலையில் மனப்பாடம் செய்கின்றனர். அதனை விரல்நுனியில் பழகும் இடம் தொழிற்கூடம்.

குலத்தொழில் வேறு, கற்ற தொழில் வேறு

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். பிள்ளைகளிடம் உளியையும் ஊசியையும் கொடுப்பது பழைய குலக்கல்வியை மீண்டும் கொண்டுவருவது ஆகாதா? நியாயமான ஐயம், தமிழ்நாடு பட்டறிந்த ஐயம். 1953-இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, ஊர்ப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். நாவிதர் மகன் நாவிதராகவும் குயவர் மகன் குயவராகவும் நின்றுவிட வழிவகுக்கும் என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1952 நாடாளுமன்றத் தேர்தலில் இதே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் வென்றவர் காமராசர். அவர் 1954-இல் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அத்திட்டத்தின் குறை, தொழிலைப் பிறப்போடு கட்டியது. நான் கூறுவது அக்கட்டை அறுப்பது. வணிகர் மகன் கட்டில் கால் சீவட்டும். நெசவாளர் மகள் மின்னிணைப்பு கற்கட்டும். அரசு அலுவலர் மகன் தலையணை உறைக்கு ஓரம் அடிக்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலையும் தொடும்போது எத்தொழிலும் எக்குலத்துக்கும் உரியதாகாது. அரைநாள் கல்வியைப் பறித்துக்கொண்டு இதனைச் செய்யவும் வேண்டா; விடுமுறையில் சில பொழுதுகள் போதும்.

காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து பிறந்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகவே வைத்தது. மேலே சொன்ன பெருவழியில் உள்ள கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்தார். பிறரைச் சுரண்டி வாழும் பொருளாதாரம் தொடங்கிக் கைம்மாறு கருதாத தொண்டுப் பொருளாதாரம் வரை ஐந்து படிகளை வகுத்து, தாய் தன் சேய்க்குச் செய்வது போன்ற தொண்டையே உச்சிப் படியாக வைத்தவர் அவர். நம் தான நெறிக்கு இஃது அயலான சிந்தனை அன்று.

காந்தியடிகள் மறைவுக்குப் பின், பிப்ரவரி 12 தோறும் சர்வோதய மேளாக்களில் தாமே நூற்ற ஒரு சிட்டம் நூலைக் காணிக்கையாக அளிக்கும் சூத்ராஞ்சலி என்னும் வழக்கத்தை வினோபா பாவே வளர்த்தார். சிட்டம் ஒன்றுக்கு 640 சுற்று. சுற்று ஒன்றுக்கு நான்கு அடி. ஆதாரப் பள்ளிப் பிள்ளைகளும் தக்ளியில் நூற்று அளித்தனர். 2,560 அடி நூலைத் தன் விரலால் நூற்றுக் கொடுத்த பிள்ளைக்குக் கொடை என்றால் என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

உலக வரலாற்றிலும் சான்று உண்டு. நம் பள்ளிகளில் ஜே.ஆர்.சி. என்று சட்டையில் அடையாளம் அணிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். முதல் உலகப்போரின்போது, 1917-இல் அமெரிக்காவில் இளம் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது பள்ளிகளின் தச்சுக்கூடங்களில் மாணவர் மருத்துவமனைகளுக்கான பொருள்களையும், போரில் வீடிழந்தோர்க்கு நாற்காலி மேசைகளையும் செய்து அனுப்பினர். தையல் வகுப்புகளில் துணிகள் தைத்தனர். இன்று நம் பிள்ளைகள் அணியும் அடையாளத்தின் பின்னே உளியும் ஊசியும் இருந்தன என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

சில எல்லைகள்

வழி நல்லதாயினும் எல்லை வேண்டும். ஏணியில் ஏறிக் கூரை வேயும் வேலையும், உயிர்மின்சாரத்தோடு தொடர்புடைய வேலையும் பிள்ளைகளுக்கு உரியன அல்ல. அவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரும் கொத்தனாரும் செய்ய, பிள்ளைகள் உடன் நின்று கற்கலாம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலையில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. தொண்டு என்னும் பெயரில் அச்சட்டத்தின் கருத்தை மீறுதல் கூடாது. சிறுவர்க்குச் செடி நடுதல், பெயர்ச்சீட்டு எழுதுதல், புத்தகம் அடுக்குதல் போதும். ஊரில் ஒரு தச்சர் கூலி பெற்றுச் செய்யும் வேலையைப் பிள்ளைகளைக் கொண்டு இலவசமாக முடித்து அவர் வயிற்றில் அடிப்பதும் அறமாகாது. அவரையே ஆசிரியராக அழைத்து, அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்து, அவர் மேற்பார்வையில் செய்வதே முறை.

நம் அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக நம் இல்லங்களுக்கு வருகிறேன். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சிப் பகுதிகளில் உள்ள நம் ஊர்களில் நிலை என்ன? பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். உழுது உண்டவர் பேரன் கணினி முன் அமர்ந்திருக்கிறான். அதில் பெருமையே உண்டு. ஆயினும் பெரிய வீட்டில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கின்றனர். அவ்வீட்டின் குளியலறையிலும் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மூதாட்டி சொன்னதை நம் வீட்டுப் பாட்டியும் சொல்லக்கூடும். கேட்கத்தான் அருகில் ஆளில்லை. ஊர் ஜினாலயத்தில் மின்கம்பி தொங்குகிறது. ஊருக்கு வரும் பேரனுக்கு மின்னணுவியல் தெரியும். ஆடும் நாற்காலியை நிறுத்தத் தெரியாது. இந்தக் குறையைப் பணம் அனுப்பித் தீர்க்க இயலாது.

ஆகவே நம் அறக்கட்டளையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: நம்மிடம் கல்வி உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் ஒரு கைத்தொழிலைக் கற்று, ஆண்டுக்கு ஆறு அரைநாள் அதனை ஓர் இல்லத்துக்கோ, நூலகத்துக்கோ, தனித்து வாழும் முதியோர்க்கோ ஈதல் வேண்டும். உதவித்தொகை தேவைப்படாத வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அதே அணியில் நிற்றல் வேண்டும். இல்லையேல் அது தானமாகாது, வாங்கிய தொகைக்கு வட்டி ஆகிவிடும். இரண்டு: அறக்கட்டளை நல்ல கருவிப்பெட்டிகள் சில வாங்கி வைத்தல் வேண்டும். இரம்பம், இழைப்புளி, சுத்தியல், ரசமட்டம், மூலைமட்டம், தையல் எந்திரம், நூற்கட்டுக்கு வேண்டும் ஊசியும் நூலும் போதும். மூன்று: பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தச்சரையும் தையற்காரரையும் அடுத்த ஆண்டு இதே மேடையில், என்னைப் போன்ற பேச்சாளர்க்கு முன்னதாக, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்தல் வேண்டும்.

நான்காவதாக ஒன்றை வேண்டாமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் பொருத்திய கைப்பிடியின்மேல் உபயம் இன்னார் என்று எழுதாதீர்கள். அதனைப் பற்றும் கைக்கு எழுத்து உறுத்தும்.

மாணவச் செல்வங்களே, நாளையே தொடங்க உங்களுக்குக் கருவி ஒன்றும் வேண்டா. ஓர் ஏடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியவரிடம் சென்று, "தாத்தா, பாட்டி, உங்களுக்கு எது தொல்லையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே உங்களுக்குச் சொல்லும்.